அறியாத உறக்கத்தில் அடைபடும் மூச்சு

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட அரங்கனின் உறக்கத்தை அறிதுயில் என்பார்கள். கண்வளர்ந்தபடியே எல்லாம் அறிந்திருக்கும் உறக்கம். நம் உறக்கம் அப்படியல்ல. நடு இரவில் மூச்சு நின்று நின்று வந்தாலும் நமக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். அவரோ, ‘அசதியில் குறட்டை விடுகிறார்’ என்று விட்டுவிடுகிறார்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். காற்று போகும் வழி குறுகினால் குறட்டை. 10 விநாடியாவது காற்று நின்றுபோனால் அது ‘ஸ்லீப் அப்னியா’. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 5 முறை என்றால் நோயின் தொடக்கம். 30 முறையைத் தொட்டால் கடுமை. ரத்த அழுத்தம் ஏறும், விழித்திருக்க வேண்டிய நேரத்தில் கண் சொக்கும். திருச்சி வழியாக இரவெல்லாம் லாரியும் பேருந்தும் ஓட்டுபவருக்கு அந்தச் சொக்கல் உயிர் ஆபத்து.

ஸ்கேன் எதற்கு?

நோய் இருக்கிறதா என்பதைச் சொல்வது இரவு முழுக்கச் செய்யும் உறக்கப் பரிசோதனை. வழி எங்கே அடைபடுகிறது என்பதைக் காட்டுவது படம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தாடை உள்வாங்கியிருப்பது தெரியும். சி.டி. ஸ்கேன் வழியின் அகலத்தை அளக்கும். எம்.ஆர்.ஐ., கதிர்வீச்சு இல்லாமலே, நாக்கில் சேர்ந்த கொழுப்பையும் தொண்டையின் பக்கச் சுவர்த் தடிப்பையும் காட்டும். உடல் எடை குறைந்தால் நாக்கின் கொழுப்பும் கரைந்து மூச்சுவழி விரியும் என்பது இத்தகைய படங்களால் தெளிவானதுதான்.

ஆனால், இந்தப் படங்கள் பெரும்பாலும் விழித்திருக்கும்போது எடுக்கப்படுபவை. அடைப்போ உறக்கத்தில் வருவது. அதனால்தான் 1991-இல் லண்டன் மருத்துவர்கள் கிராஃப்ட், பிரிங்கிள் இருவரும், மருந்தால் தூங்கவைத்து, மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். மென் அண்ணம், பக்கச் சுவர், அடிநாக்கு, குரல்வளை மூடி ஆகிய நான்கில் எது சரிகிறது என்பதை நேரிலேயே காணலாம். அறுவை சிகிச்சையை முடிவு செய்யுமுன் இது பெரிதும் உதவும்.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. பலருக்கு, 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய ‘சிபாப்’ காற்றழுத்தக் கருவியே போதும்.

வீட்டில் ஒருவரின் குறட்டை திடீரென அடங்கி, பிறகு திணறலோடு மீண்டும் எழுகிறதா? செல்போனில் பதிவு செய்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். திருச்சி புத்தூரிலுள்ள அரசு மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. தூங்குகிறவருக்குத் தெரியாததைச் சொல்ல, விழித்திருந்து கேட்ட நீங்கள்தான் இருக்கிறீர்கள்.