மயக்கமும் நாடியும்

பள்ளியில் காலை வணக்கத்தின்போது வெயிலில் நின்ற மாணவர் ஒருவர் திடீரென்று சரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவரிடம் படுக்கவைத்துப் பார்த்தால் இரத்த அழுத்தம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பின் ஏன் விழுந்தார்?

படுத்த நிலையில் எடுத்த அளவு மட்டும் இதற்கு விடை தராது. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள உணர்விகள் இதை மூளைக்கு அறிவிக்க, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் சற்று விரைந்து துடிக்கிறது. இந்த ஏற்பாடு தவறி, மூளைக்கு இரத்தம் 6 முதல் 8 விநாடி வராவிட்டாலே நினைவு தப்பும்.

ஆகவே படுத்திருக்கையில் ஒருமுறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுமுறையும் அழுத்தம், நாடி இரண்டையும் அளக்க வேண்டும். மேல் அழுத்தம் 20 மி.மீ. அல்லது கீழ் அழுத்தம் 10 மி.மீ. இறங்கினால் உடலில் நீர் குறைவா, மாத்திரையின் விளைவா, நீரிழிவால் நரம்பு பழுதா என்று தேடுவர். அழுத்தம் இறங்காமல், பெரியவர்களுக்கு நாடி மட்டும் 10 நிமிடத்துக்குள் 30 துடிப்பு ஏறி நின்றால் அது வேறொரு கோளாறு.

நம் மாணவருக்கு நேர்ந்தது பெரும்பாலும் மூன்றாவது வகை. இதில் அழுத்தமும் நாடியும் சேர்ந்தே விழும். பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932இல் இதை ஆராய்ந்தார். அட்ரோப்பின் மருந்தால் நாடி உயர்ந்தது. ஆனால் அழுத்தம் சீராகவில்லை, தெளிவும் முழுமையாகத் திரும்பவில்லை. இதயம் மந்தமாவது மட்டுமன்று, குழாய்கள் தளர்வதும் காரணம் என்பது புலனாயிற்று. 1986இல் லண்டன் மருத்துவர்கள், நோயாளியை மேசையில் கட்டிச் சாய்த்து நிறுத்தி, இம்மயக்கத்தைத் தம் கண்முன்னே வரவழைத்துக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். இன்று 60 முதல் 70 பாகை வரை சாய்க்கிறார்கள்.

விழுந்தவரைக் கூட்டம் கூடித் தூக்கி உட்காரவைப்பது நம் ஊர் வழக்கம். அது தவறு. படுத்தால்தான் இரத்தம் தலைக்கு ஏறும். கால்களைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள்.

ஆனால் ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ, முன்னறிகுறி ஏதுமின்றியோ மயங்கியவரை வெயில் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அது இதயத் துடிப்பின் கோளாறாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லி, இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.