கழுத்து ரத்தக்குழாய் முழுதாக அடைத்தால் ஏன் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள்?

"எண்பது சதவீதம் அடைத்தவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். எங்கள் வாப்பாவுக்கு நூறு சதவீதம் அடைப்பு, தொட வேண்டாம் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?" பக்கவாதம் வந்தவரின் வீட்டார் இப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு.

கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் ஏற்றிச் செல்பவை கரோடிட் தமனிகள். உள்சுவரில் கொழுப்பு படிந்து 70 முதல் 99 சதவீதம் வரை குறுகிய குழாயில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் ரத்தம் கொழுப்புத் துணுக்கையோ கட்டியையோ மேலே அடித்துச் செல்லும். எனவே லேசான பக்கவாதம் வந்து போனவருக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் குழாயைச் சுத்தம் செய்கிறார்கள். அது அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதற்கு. வந்த பாதிப்பு அதனால் நீங்காது.

பல நாட்களுக்கு முன்பே முழுதாக மூடிய குழாயில் ஓட்டமே இல்லை. மறுபக்கத் தமனி மூளையின் அடியிலுள்ள வளையம் வழியாக ஈடுகொடுக்கும். மூடியதைக் கிளறினால் கட்டி மேலேறலாம். மாற்றுப்பாதை போட்டுப் பார்த்த பெரிய ஆய்வுகள் 1985இலும் 2011இலும் வெளிவந்தன. இரண்டிலும் பலன் தெரியவில்லை. ஆகவே மருந்தே சிகிச்சை.

இப்போதுதான் அடைத்தது என்றால் கதையே வேறு. முதலில் சி.டி. ஸ்கேன், ரத்தக்கசிவா அடைப்பா என்று தெரியாமல் வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துவிடக் கூடாது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம். கட்டி மூளைக்குள் பெரிய குழாயையும் அடைத்திருந்தால், தொடை வழியே கம்பி செலுத்தி எடுக்க ஆறு மணி நேரம். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரை. கழுத்தில் உடனே ஸ்டென்ட் வைப்பதா என்பதில்தான் மருத்துவர்களே தயங்குகிறார்கள். வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க வலுவான மருந்து வேண்டும். அது மூளையில் கசிவை உண்டாக்கலாம். இரு மருத்துவர்கள் இரு விதமாகச் சொன்னால் யாரோ ஏமாற்றுகிறார் என்று பொருளல்ல.

பிரஷர் 180 என்றதும் பதறி மாத்திரை கேட்கிறோம். அந்த அழுத்தம்தான் பக்கவழிகளில் ரத்தத்தைத் தள்ளுகிறது. எப்போது, எவ்வளவு இறக்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நேரக் கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. இஷா தொழுதுவிட்டுப் படுத்தவர் ஃபஜ்ருக்கு எழ முடியாமல் கிடந்தால், கணக்கு இஷாவிலிருந்துதான். இதைத் தெளிவாகச் சொல்ல ஒருவர் ஆம்புலன்ஸில் கூடவே போகவேண்டும். துபாயில் இருக்கும் மகன் போனை எடுக்கட்டும் என்று கையெழுத்தை நிறுத்தி வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மனைவியோ மகளோ போட்டால் போதும்.