ஒரே வரியில் 400 பேரை நீக்கலாம்: கட்டளைக் கருவியை வடிவமைப்பது எப்படி?

2019 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. யாகூ குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய மடல்கள், படங்கள், கோப்புகள் எல்லாம் அழிக்கப்படும். வேண்டியவர்கள் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. 2020 டிசம்பர் 15ஆம் தேதி சேவையே நின்றுபோனது. சுங்கை பட்டாணியிலிருந்து டாக்டர் ஜெயபாரதி நடத்திய 'அகத்தியர்' குழு அங்குதான் இயங்கியது. அதற்கும் முன்னால், 1995இல், மலேசியாவில் பிறந்த பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு 'தமிழ்.நெட்' மடற்குழுவைத் தொடங்கினார். நம் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டு அங்கே பலர் தமிழிலேயே மடல் எழுதினார்கள்.

மடற்குழுவின் வேலை எளியது. குழுவுக்கென்று ஒரு முகவரி இருக்கும். அதற்கு ஒரு மடல் வந்தால், மென்பொருள் அதை உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பிவைக்கும். 1986இல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்செர்வ், 1992இல் பிரென்ட் சாப்மன் எழுதிய மேஜர்டோமோ ஆகியவை இதன் முன்னோடிகள். இன்று அதிகம் பயன்படும் மெயில்மேன் பைதான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். நம் சொந்தக் கணினியிலேயே நிறுவலாம். ஒரு நிறுவனம் கடையை மூடினால் நம் மடல்களும் போய்விடுமே என்ற பயம் இல்லை. ஆனால் பராமரிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும்.

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது அங்கே செம்பனையோ வீடமைப்போ இருக்கலாம். அந்தத் தோட்டப் பள்ளியில் படித்த 400 பேர் ஜொகூர், சிங்கப்பூர், லண்டன் என்று சிதறியிருக்கிறார்கள். அவர்களை ஒரு மடற்குழு இணைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று பெரட்டுக் களத்தில் கிராணி பெயர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்த வேலையை இன்று குழுவின் நிர்வாகி செய்கிறார்: வந்தவரைச் சேர்க்க வேண்டும், போனவரை நீக்க வேண்டும்.

இணையப் பக்கத்தில் பொத்தான்களை அழுத்தி இதைச் செய்யலாம். 20 பேர் என்றால் சரி. 400 பேர் என்றால் விரல் ஓய்ந்துவிடும். அதற்குத்தான் கட்டளை வரிக் கருவி. கறுப்புத் திரையில் 'மெயில்மேன்' என்று தட்டி, அடுத்து செய்யவேண்டிய செயலின் பெயரையும் குழுவின் பெயரையும் தட்டினால் வேலை முடிந்தது. உறுப்பினரைக் காட்டு, சேர், நீக்கு, புதுக் குழு உருவாக்கு என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சொல். இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதுதான் வடிவமைப்பின் முதல் வேலை. நிர்வாகி ஆறு மாதம் கழித்து வந்தாலும் ஊகித்துத் தட்டும்படி அவை இருக்க வேண்டும்.

கருவி விடையை எப்படித் தருகிறது என்பதும் முக்கியம். கோடும் கட்டமும் போட்டு அழகாகக் காட்டினால் கண்ணுக்கு நல்லது. ஆனால் வரிக்கு ஒரு முகவரி என்று வெறுமையாகத் தந்தால் அதை அப்படியே இன்னொரு நிரலுக்கு ஊட்டலாம், எண்ணலாம், வடிகட்டலாம். 1973இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் அமைப்புக்குள் வந்த 'குழாய்' வசதி இப்படித்தான் வேலை செய்கிறது. பிழைச் செய்திகளைத் தனி வழியில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முகவரிப் பட்டியலுக்கு நடுவே பிழைச் செய்தியும் ஓர் உறுப்பினர்போல உட்கார்ந்துவிடும்!

ஆபத்து இருப்பது 'ஒத்திசை' என்ற செயலில். ஒரு கோப்பில் முகவரிகளை எழுதிக் கொடுத்தால், கோப்பில் இருந்து குழுவில் இல்லாதவரை அது சேர்க்கும். குழுவில் இருந்து கோப்பில் இல்லாதவரை நீக்கும். மிக வசதியான ஏற்பாடு. ஆனால் கோப்பு பாதியில் அறுந்து 200 முகவரிகளோடு நின்றிருந்தால்? மீதி 200 பேரும் ஒரு நொடியில் வெளியே போய்விடுவார்கள். கருவியைக் குறைசொல்ல முடியாது; சொன்னதைத்தான் செய்தது. அதனால் மெயில்மேனில் ஒத்திகை பார்க்கும் வசதி வைத்திருக்கிறார்கள். 'மாற்றாதே' என்ற குறியைச் சேர்த்துத் தட்டினால், யார் சேர்வார்கள், யார் நீங்குவார்கள் என்று அச்சிட்டுக் காட்டும், எதையும் தொடாது. என் கணிப்பில், அந்தக் கருவியிலேயே மிகப் பயனுள்ள பகுதி இதுதான்.

மெயில்மேனின் இரண்டாம் பதிப்பில் இன்னொரு நல்ல யோசனை உண்டு. குழுவை அழிக்கும் கட்டளையைத் தட்டினாலும் பழைய மடல்களின் காப்பகம் அழியாது. அதையும் அழிக்க வேண்டுமானால் தனியாக ஒரு குறி கொடுக்க வேண்டும். திரும்பப் பெறமுடியாத செயலுக்கு விரல் கூடுதலாக ஒருமுறை உழைக்கட்டும் என்பதே கணக்கு.

கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டச் சொல்லும் கருவியை நம்பாதீர்கள். அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளைப் பார்க்க முடியும். தட்டியதெல்லாம் வரலாற்றுக் கோப்பிலும் தங்கும். கடவுச்சொல் பூட்டிய அமைப்புக் கோப்பில்தான் இருக்க வேண்டும்.

2015இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் மையப் பகுதி தனியாக இயங்குகிறது. மற்ற நிரல்கள் இணைய முகவரி வழியாக அதனிடம் கேட்டு விடை பெறலாம். அதனால் விருப்பமுள்ள ஒரு மாணவர் தமிழில் பேசும் கட்டளைக் கருவியையே எழுதிப் பார்க்க முடியும். முதல் பயிற்சிக்கு இது போதும்: ஞாயிறு இரவுதோறும் கணினி தானாகவே உறுப்பினர் பட்டியலை எடுத்து, அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட கோப்பில் எழுதட்டும், முந்தைய வாரத்தைவிட 10 பேருக்கு மேல் குறைந்திருந்தால் நிர்வாகிக்கு ஒரு மடல் போடட்டும்.