புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பணம்



சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். அதில் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் இரண்டு இலக்கங்களைச் "சில்லறைதானே" என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சில்லறையைக் கணினி எப்படிக் கையாள்கிறது என்று இன்று பார்ப்போம்.

முன்பு கிராணியார் பேரேட்டில் கட்டம் போட்டு எழுதினார். கணினிப் பேரேடாகிய தரவுத்தளத்திலும் கட்டம் உண்டு. அதை அமைப்பவர் தசம எண்ணுக்கு இரண்டு அளவுகளைக் குறிக்கிறார். மொத்தம் எத்தனை இலக்கம் என்பது ஒன்று. அவற்றுள் புள்ளிக்குப் பின் எத்தனை என்பது மற்றொன்று. 'ஐந்து, இரண்டு' என்று குறித்தால் 999.99 வெள்ளி வரைதான் அடங்கும். 1,250.40 வெள்ளிச் சம்பளத்துக்கு 'ஆறு, இரண்டு' வேண்டும்.

புள்ளிக்கு முன் இடம் போதாவிட்டால், பொதுவாகக் கணினி பிழை என்று சொல்லி நின்றுவிடும். பின்னால் போதாவிட்டாலோ, பல மென்பொருள்கள் சத்தமில்லாமல் எண்ணைச் சுருக்கிக்கொள்ளும். ஆபத்து இங்கேதான்.

ஒருவர் 27.5 கிலோ ரப்பர் பால் நிறுத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் உலர் ரப்பர் 32.4 விழுக்காடு. பெருக்கினால் 8.91 கிலோ. விழுக்காட்டுக் கட்டத்தில் புள்ளிக்குப் பின் இடமே இல்லையென்றால் 32.4 என்பது 32 ஆகிவிடும். கணக்கில் வருவது 8.8 கிலோ. ஒரு நாளில் 110 கிராம் போயிற்று. இதே அளவில் 25 நாள் என்றால் 2.75 கிலோ! யாரும் திருடவில்லை, கட்டம்தான் சிறியது. 32.6 ஆக இருந்தால் 33 ஆகி, கூடுதலாகவும் வரும். அதுவும் சரியான கணக்கல்ல.

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் 1982ஆம் ஆண்டு, 1000 என்ற எண்ணில் ஒரு குறியீடு தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிட்டபோதும் மூன்று தசம இடங்களுக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டார்கள். 1983 நவம்பரில் அது 520 அளவுக்கு இறங்கிக் கிடந்தது. திருத்திக் கணக்கிட்டபோது 1098க்கு மேல் வந்தது.

ஆகவே, இடைக்கணக்கில் கூடுதல் தசம இடம் வைத்து, கடைசியில் ஒரே ஒருமுறை காசுக்குச் சரிசெய்வதே நல்ல முறை.

நாள்தோறும் நிறுவையையும் விழுக்காட்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். மாத முடிவில் பிள்ளைகளைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறுபாடு தெரிந்தால், "விழுக்காட்டைப் புள்ளியோடு எடுத்தீர்களா, ஐயா?" என்று அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.