கர்ணனும் அவன் தேர்ச்சாரதியும்



மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஏறாவூரையும் செங்கலடியையும் வந்தாறுமூலையையும் கடந்தால் சித்தாண்டி வரும். வயல் சூழ்ந்த ஊர். முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். கூத்து மத்தளத்தின் ஒலி காதில் விழுந்தால் உறக்கம் கலைந்து எழுந்து நடக்கும் மக்கள் வாழும் நிலம் இது. இந்நிலத்துக் கூத்துக் களரியிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வீட்டுத் தொலைக்காட்சியில் நாள்தோறும் தொடர் நாடகங்களைக் காணும் நேயர்களுக்கும் அது பயன்படக் கூடும்.

எங்கள் பாடசாலையில் ஒரு தவணை முடிவில் கர்ணன் கதையைச் சிறு கூத்தாகப் பழக்கினோம். கூத்துப் பழகத் தொடங்குமுன் இன்னாருக்கு இன்ன வேடம் என்று பங்கிட்டு வழங்குவதை எம்மவர் ‘சட்டம் கொடுத்தல்’ என்பர். அன்றைக்குச் சட்டம் கொடுத்தபோது மாணவர் எல்லோருடைய கண்ணும் கர்ணன் மீதே இருந்தது. ஒருவனுக்குச் சல்லியன் வேடம் கிடைத்தது. பாடசாலை விட்ட பின் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். “சேர், எனக்கு இந்தத் தேரோட்டி வேஷம் வேண்டாம். சனம் கர்ணனைப் பார்க்கத்தான் வரும். என்னை யார் பார்ப்பார்?” என்றான்.

அவன் கேட்டது சிறுபிள்ளைத்தனமான கேள்வி அன்று. ஒரு கதையிலே தலைவன் ஒருவன் இருக்க, மற்றையோர் எதற்காக இருக்கின்றனர்? அவனுக்கு வாள் எடுத்துக் கொடுக்கவும், அவன் புகழைப் பாடவும், அவன் கையால் மடியவும் மாத்திரந்தானா?

இதற்கு விடை காண வேண்டுமாயின், கலைஞன் எதிர்கொள்ளும் இடர் யாதென்று முதலில் அறிதல் வேண்டும். மனிதனின் உள்ளம் கண்ணுக்குப் புலப்படாதது. வீரம் தெரியும், ஓட்டம் தெரியும், கண்ணீர் தெரியும். ஆனால் வீரத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் அச்சமும், கொடையின் உள்ளே ஒளிந்திருக்கும் ஏக்கமும் எவ்வாறு தெரியும்? எங்கள் வட்டக்களரியில் இவ்விடர் இன்னும் பெரியது. நாற்புறமும் சனம் சூழ்ந்திருக்கும். பந்தத்தின் ஒளியிலும் எண்ணெய் விளக்கின் ஒளியிலும் விடிய விடிய ஆட்டம் நடந்த காலத்தில், தொலைவிலிருந்தவர் ஆட்டக்காரரின் முகக்குறிப்பைக் கண்டிருக்கவே முடியாது. ஆகவே தலைவனின் உள்ளத்தை அவன் முகத்தில் மட்டும் வைத்துக் காட்ட இயலாது. அதனைப் பகுத்து அவனைச் சூழ்ந்த பாத்திரங்களிடம் ஒப்படைத்தனர் முன்னோர். ஒருவரிடம் அவன் நாணத்தை வைத்தனர். ஒருவரிடம் அவன் நன்றியை வைத்தனர். மற்றொருவரிடம் அவன் ஐயத்தை வைத்தனர். துணைப்பாத்திரங்கள் தலைவன் நடுவே நிற்கச் சுற்றிலும் நிறுத்திய கண்ணாடிகளாயின.

கர்ணனையே எடுத்துக்கொள்வோம். அரசிளங்குமரர் தம் வில்வித்தையைக் காட்டும் அரங்கிலே அவன் முதன்முதல் தோன்றுகிறான். குலம் யாதென வினவப்பட்டுத் தலைகுனிகிறான். துரியோதனன் அவனை அங்கநாட்டுக்கு அரசனாக்குகிறான். முடிசூட்டு நீர் தலையிலே ஈரமாக இருக்கும்போதே, முதுமையால் தள்ளாடியபடி அதிரதன் என்ற தேரோட்டி அரங்கினுள் வருகிறான். அவனே கர்ணனை வளர்த்த தந்தை. கர்ணன் அந்த ஈரத்தலையோடு அவனை வணங்குகிறான். அதைக் கண்ட வீமன், வில்லை விட்டுக் குதிரைச் சாட்டையை எடு என்று நகைக்கிறான். அதிரதன் அவ்விடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. ஆயினும் அவன் ஒருவன் வாராதிருந்தால், கர்ணன் அரச பதவிக்காக ஏங்கிய வீரன் என்ற அளவிலேயே நின்றிருப்பான். தன் பிறப்பால் நாணுகின்றான், ஆனால் தன்னை வளர்த்தவரை மறுக்க மாட்டான் என்ற இருமுகமும் அந்த முதியவரின் வருகையினாலன்றோ நமக்குத் தெரிகிறது!

துரியோதனன் மற்றொரு கண்ணாடி. உலகம் மறுத்த மதிப்பை அளித்தவன் அவன். அவன்மீது கர்ணன் கொண்ட பற்றிலே நன்றியும் இருக்கிறது. தன்னை எவரேனும் மதிக்க மாட்டாரா என்ற பசியும் இருக்கிறது. குந்தி வேறொரு கண்ணாடி. போருக்கு முன் அவள் வந்து, நீ என் மகன் என்கிறாள். வாழ்நாள் முழுதும் அவன் கேட்க விரும்பிய சொல் அது. அச்சொல் கிடைத்த நாளிலேயே அதை ஏற்க முடியாத நிலை. உன் மைந்தர் ஐவர் என்ற எண்ணிக்கை குறையாது என்று அவளை அனுப்புகிறான். தமிழ் நாட்டார் மரபில் வரும் பொன்னுருவியோ, கணவனின் குலத்தை எண்ணி முகம் திருப்புகிறாள். அரங்கிலே வீமன் சொன்ன சொல் வீட்டினுள்ளும் ஒலிப்பதை அவள் வழியாக அறிகிறோம்.

இவர்கள் எல்லோரிலும் கூர்மையான கண்ணாடி சல்லியன். மத்திர நாட்டு வேந்தன். நகுல சகாதேவரின் தாய் மாதிரியின் உடன்பிறந்தவன். பாண்டவரிடம் சேரப் புறப்பட்டவன், வழியிலே துரியோதனன் செய்த உபசாரத்துக்குக் கட்டுண்டு எதிரணியில் நிற்க நேர்ந்தது. தருமன் அவனிடம் ஓர் உதவி கேட்டிருந்தான்: கர்ணனுக்குத் தேரோட்டும் நாள் வந்தால், அவன் ஊக்கத்தைச் சொல்லாலே கெடுக்க வேண்டும் என்பது. பதினேழாம் நாட் போரில் அந்த நாள் வந்தது. தேரோட்டி மகனுக்கு நான் தேரோட்டுவதா என்று சல்லியன் சினந்தான். வாயில் வந்ததைச் சொல்ல எனக்கு உரிமை வேண்டும் என்று விதித்து, அதன் பின்னரே தேரேறினான்.

இங்கே புலவன் அமைத்த அமைப்பை நோக்குங்கள். சாட்டையை எடு என்று இகழப்பட்டவனின் தேரில், இப்போது ஓர் அரசன் சாட்டையோடு அமர்ந்திருக்கிறான். கர்ணன் வேண்டிய உயர்வு கிடைத்துவிட்டது. ஆனால் அது நஞ்சாகக் கிடைத்தது. எதிரே அர்ச்சுனனின் தேர் நிற்கிறது. அங்கும் சாரதி அரச குலத்தவனே. கண்ணன், மனம் தளர்ந்த தன் வீரனை எழுப்பி நிறுத்துகிறான். சல்லியன், எழுந்து நிற்கும் தன் வீரனைத் தளர்த்துகிறான். அன்னத்தோடு கடல் கடக்கப் பந்தயம் கட்டிக் களைத்து விழுந்த காகத்தின் கதையைச் சொல்லி, நீயே அக்காகம் என்கிறான். கர்ணன் வெகுண்டு மத்திர நாட்டாரையே பழிக்கிறான். இத்தனை சினம் ஏன்? சல்லியன் சொன்னது புதிதன்று. இளமை முதல் கர்ணன் தன் உள்ளத்தோடு தானே பேசிய பேச்சு அது. அதுவே இப்போது தேர்த்தட்டின் முன்புறத்திலிருந்து வேறொருவன் குரலில் ஒலிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாகக்கணை தொடுக்கும்போது, கழுத்தைக் குறிவையாதே, மார்பைக் குறிவை என்று சல்லியன் சொல்வதாகத் தமிழ் மரபில் கதை வழங்குகிறது. அந்த ஒரு சொல் நல்ல சொல். ஆனால் பழித்த வாயிலிருந்து வந்த நல்ல சொல்லைக் கர்ணன் ஏற்கவில்லை. கண்ணன் தேரை அழுத்த, கணை முடியை மட்டும் கொண்டு போயிற்று.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் ஆற்றலைக் கற்றோர் உலகம் கண்டது. எங்கள் அயலூராகிய வந்தாறுமூலையின் செல்லையா அண்ணாவியார் அம்முயற்சியில் பங்கு கொண்டமை எம்மவர் பெருமையோடு நினைவுகூர்வது. இரவு முழுதும் ஆடும் கூத்தைச் சில நாழிகைக்குச் சுருக்கும்போது, வெட்டத்தக்கது எது, வெட்டத்தகாதது எது என்ற வினா எழும். தலைவனின் உள்ளத்தைத் திறந்து காட்டும் பாத்திரத்தை வெட்டினால், எஞ்சுவது சண்டை ஒன்றே.

இந்த உத்தி நமக்கு மட்டும் உரியதன்று. 1926ஆம் ஆண்டு வெளிவந்த ‘மதங்க சூளாமணி’ என்ற நூலின் வழியாக ஷேக்ஸ்பியரின் நாடகத் திறனைத் தமிழர்க்கு விளக்கியவர் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர். அப்புலவரின் லியர் அரசன் கதையில் விகடன் ஒருவன் வருகிறான். அரசன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அஞ்சும் உண்மையை அவன் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அரசன் தன் பிழையைத் தானே காணத் தொடங்கிய பின், அவ்விகடன் நாடகத்திலிருந்து மறைந்து போகிறான். கண்ணாடியின் வேலை முடிந்தது. தந்தையை இழந்த ஹம்லெத்துக்கு எதிரே, தந்தையை இழந்த மற்றொரு மைந்தனாகிய லயர்தீசு நிற்கிறான். ஒருவன் எண்ணி எண்ணித் தாமதிக்கிறான். மற்றவன் எண்ணாமற் பாய்கிறான். ஒருவனருகே ஒருவனை வைத்தபோதே இருவரும் நமக்கு விளங்குகின்றனர். நம் அகத்திணை மரபிலே தலைவியின் உள்ளத்தைத் தோழி எடுத்துரைப்பதும் இவ்வகையினதே.

இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலே வந்தது. 1988 முதல் 1990 வரை இந்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பி. ஆர். சோப்ராவின் மகாபாரதத் தொடரும், 2013இல் தொடங்கித் தமிழ்க் குரலிலும் வந்த மற்றொரு மகாபாரதத் தொடரும், களரிக்கு வராதவர்க்கும் கர்ணனைக் காட்டின. தொலைக்காட்சிக் கருவி முகத்தை மிக அருகே கொணர்கிறது. கண்ணிமையின் அசைவும் தெரிகிறது. எனினும் முகம் பெரிதாகத் தெரிவதும் உள்ளம் தெரிவதும் ஒன்றல்ல. நாம் காணும் தொடர்கள் பலவற்றில் தலைவனைச் சூழ்ந்தோர் அவனை வியப்பதும் வைவதுமாகவே காலங்கழிக்கின்றனர். அவர்க்கெனச் சொந்த நோக்கமில்லை; ஆகவே அவர் எதையும் எதிரொளிப்பதுமில்லை. சல்லியன் கண்ணாடியாவதற்குக் காரணம், அவனுக்கும் சொந்தமாக ஒரு மனக்காயம் இருப்பதுதான். நேயர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு தொடரைக் காணும்போது, இப்பாத்திரத்தை நீக்கிவிட்டால் தலைவனைப் பற்றி நமக்குத் தெரியாமற் போவது யாது என்று கேளுங்கள். விடை கிடைத்தால் அது நல்ல கதை. எதுவும் குறையவில்லையாயின், அங்கே இருப்பது கூட்டம் மட்டுமே.

இவற்றையெல்லாம் அந்த மாணவனுக்குச் சுருக்கிச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமற் சென்றான். மறுநாட் காலை வந்து, “சேர், சல்லியன் சொல்லுகிறதெல்லாம் கர்ணனுக்கு முன்னமே தெரியுமா?” என்று கேட்டான். “தெரியும், அதனால்தான் அவனுக்கு நோகிறது” என்றேன். “அப்படியென்றால் நான் சத்தம் போட்டுச் சொல்லத் தேவையில்லை” என்றான் அவன். அரங்கேறிய அன்று, காகத்தின் கதையை அவன் மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு சொன்னான். சபை அசையாமல் இருந்தது. எல்லோரும் கர்ணனையே பார்த்தனர். ஆனால் அவ்வாறு பார்க்கச் செய்தவன் சல்லியன்.

நான் மாத்திரம் அன்றிரவு உறங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் இளம் ஆசிரியனாக இருந்தபோது, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமான ஒரு மாணவனிடம், வகுப்பார் கேட்க, “இந்தச் சோதனை உன்னால் ஆகாது” என்று நான் சொன்னதுண்டு. அவன் புள்ளிகளைக் கொண்டு நோக்கினால் அது பொய்யன்று. உண்மையைச் சொன்னேன் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் அது அவன் இரவிலே தனக்குத்தானே சொல்லி அஞ்சிக்கொண்டிருந்த சொல்லாக இருந்திருக்க வேண்டும். பரீட்சை மண்டபத்துக்கு அவன் வரவில்லை. பின்னர் ஒரு நாள் சந்தையிலே கண்டபோது, தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு எனக்கு வணக்கம் சொன்னான். அந்த வணக்கத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அவன் வாழ்க்கைக் கதைக்கு அவனே தலைவன். நான் சில பக்கங்களில் மட்டும் வந்து போன துணைப்பாத்திரம். அந்தச் சில பக்கங்களில் அவன் தேரின் முன்தட்டில் அமர்ந்திருந்தவன் நான்.

நேயர்களே, நம்முள் ஒவ்வொருவரும் தத்தம் கதையில் தலைவராக இருக்கிறோம். அதே வேளையில், நம் பிள்ளைகளின் கதையிலும், மாணாக்கரின் கதையிலும், உடன்பிறந்தாரின் கதையிலும் துணைப்பாத்திரங்களாக நிற்கிறோம். அவர்களுடைய உள்ளத்தில் ஐயமும் இருக்கிறது, ஆற்றலும் இருக்கிறது. நாம் எதை எதிரொளிக்கிறோமோ அதையே அவர்கள் தம் முகமென்று நம்பிவிடக் கூடும். குறையைச் சொல்ல வேண்டாம் என்பதன்று என் கருத்து. கண்ணனும் அர்ச்சுனனைக் கண்டித்தான். ஆனால் அவன் கண்டித்தது எழுப்புவதற்காக.

இன்றிரவு தொலைக்காட்சியில் ஒரு தொடரைக் காணும்போது, தலைவனுக்குப் பக்கத்தில் நிற்பவரையும் சற்றே கவனியுங்கள். பின்பு வீட்டுப் பிள்ளையிடம் ஒரு சொல் சொல்லுமுன், அச்சொல்லை எந்தச் சாரதியின் வாயிலிருந்து சொல்கிறோம் என்று ஒரு கணம் எண்ணுங்கள்.