மலிவு விலை டூல் கிட் வாங்கலாமா?

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். தென்காசியில் என் கம்ப்யூட்டர் தேதியை மறக்கத் தொடங்கியது. சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டால் பழைய வருடத்தைக் காட்டும். நாமே திறந்து பார்க்கலாமே என்று, மல்டிமீட்டருடன் கூடிய மலிவு விலை டூல் கிட் ஒன்று வாங்கி வந்தேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைக் கழற்றினேன். மூன்றாவது ஸ்குரூவிலேயே ஸ்டார் ஸ்குரூ டிரைவரின் முனை மழுங்கிவிட்டது. ஸ்குரூவின் தலையும் தேய்ந்து வழுக்கியது. நடுவே ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகிய பிறகுதான் வந்தது. எனவே ஸ்குரூ டிரைவரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பிஎச்2 அளவில், குரோம் வனேடியம் ஸ்டீலில் செய்த ஒன்றைத் தனியாக வாங்குங்கள். கடையிலேயே ஒரு கேபினட் ஸ்குரூவில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் உட்கார வேண்டும். சாரல் அடிக்கும் ஊர் என்றால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். துருப்பிடிக்காது.

ஆனால் அதே கிட்டில் இருந்த மல்டிமீட்டர் காசுக்கு மோசமில்லை! மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும். எனக்கு 2.4தான் காட்டியது. புதியது போட்டதும் தேதி நின்றது.

இந்த மாதிரி மீட்டரை பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயரின் இன்சுலேஷன் மெல்லியது, 230 வோல்ட் பிளக் பாயிண்டில் வைக்கவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.