மலைவாச வீட்டில் நாலு நாளா? பெட்டியைத் திறக்கும் முன் பத்து நிமிடம்!

பரீட்சை முடிந்ததும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். லாட்ஜில் இரண்டு ரூம் போடுவதைவிட, சமையலறையோடு ஒரு வீட்டையே நாலு நாளைக்கு எடுத்துக்கொள்வது பலருக்கும் வசதியாக இருக்கிறது. பாட்டிக்கு ரசம் சாதம், குழந்தைக்குக் கஞ்சி என்று எல்லாம் நம் கையாலேயே செய்துகொள்ளலாம். நல்லதுதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். நம் சொந்த வீட்டில் கரண்ட் போனாலும் இருட்டிலேயே வாசலுக்கு வந்துவிடுவோம். புது வீட்டில் நடுராத்திரி ஸ்விட்ச் எங்கே என்றுகூடத் தெரியாது. தீயும் புகையும் அங்கே கூடுதல் ஆபத்தாவது இதனால்தான்.

படுக்கையறையில் கரி நெருப்பா? கூடவே கூடாது!

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டரையும் தாண்டியது. கோடையிலும் ராத்திரி குளிரும். வாசலில் கேம்ப் ஃபயர் முடிந்ததும் மிச்சக் கங்கை இரும்புச் சட்டியில் அள்ளி, அறைக்குள் வைத்து, ஜன்னலை இறுக மூடிப் படுப்பவர்கள் உண்டு. "புகையே இல்லையே, வெறும் தணல்தானே" என்பார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இந்த வாயு அதோடு ஒட்டிக்கொள்கிறது. தூங்குபவர் விழிக்காமலே போய்விடலாம். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இது சீக்கிரம் தாக்கும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு.

முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி வரும். "மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்த மயக்கம்" என்று சுக்குக் காபி போட்டுக் கொடுப்போம். இதற்குச் சுக்கு மருந்தல்ல! வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலிக்கிறதா? வெளியே வந்தால் குறைகிறதா? உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கூட்டி வந்து 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுப்பதுதான் இதற்குச் சிகிச்சை. குளிருக்குக் கம்பளியும் காலுறையும் போதும்.

போய் இறங்கியதும் பார்க்க வேண்டியவை

* நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி இருக்கும். வெளியேற வழி கதவுதான். எத்தனை கதவு, எது திறக்கிறது என்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வெளியே வந்தால் எல்லோரும் நிற்க வேண்டிய இடத்தையும் காட்டிவிடுங்கள்.

* ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டிவிட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். உள்ளே வாசல் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கட்டும். அது எங்கே என்று பாட்டிக்கும் தெரியட்டும்.

* சிலிண்டர் எங்கே, ரெகுலேட்டரை மூடுவது எப்படி என்று காவல்காரரிடம் கேளுங்கள். டியூப் வெடித்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

* ரூம் ஹீட்டர் மேல் ஈர ஸ்வெட்டரைக் காய வைக்காதீர்கள். திரையும் மெத்தையும் மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். தூங்கும்முன் அணைத்துவிடுங்கள். கொசுவர்த்தி, சாமி விளக்கு எதையும் திரைக்குக் கீழே வைக்க வேண்டாம்.

* புகை அலாரம் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பாட்டரியில் ஓடும் புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இப்போது கிடைக்கின்றன. கையோடு கொண்டு போகலாம்.

தீப்பிடித்துவிட்டால்?

நகை, பெட்டி எதையும் எடுக்க நிற்காதீர்கள். புகை மேலே எழும்பும். தரையை ஒட்டித்தான் ஓரளவு நல்ல காற்று இருக்கும். அதனால் குனிந்து, தவழ்ந்து வாருங்கள். வெளியே வந்தபின் 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். திரும்ப உள்ளே போகாதீர்கள். உடையில் தீப்பற்றினால் ஓடவே கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்.

தீப்புண்ணுக்கு முதல் மருந்து

சித்த மருத்துவன் என்பதால் உடனே ஏதாவது எண்ணெய் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? முதல் மருந்து குழாய்த் தண்ணீர்தான். சுட்ட இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஐஸ் வேண்டாம். மலைக்குளிரில் குழந்தைக்கு நடுக்கம் கண்டுவிடும். ஆகவே மற்ற உடம்பைக் கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். இங்க், பற்பசை, இட்லி மாவு, வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் காட்டுங்கள். முகம், கை, மர்ம உறுப்பில் பட்டிருந்தாலும், புகையைச் சுவாசித்திருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். கற்றாழை, தைலமெல்லாம் அப்புறம், மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, கீழே அந்த வீட்டின் முழு முகவரியையும் குறித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று வாயில் வராது. அப்புறம் நிம்மதியாகப் பெட்டியைத் திறங்கள்.